இரண்டாம் எண்ணிக்கை

"ரெண்டாவத எண்ணப்படாது! எண்ணவே படாது!"

ஜபார் ஹாஜியார் டீவியைப் பார்த்துக் கத்தினார். டீவி கேட்பதாக இல்லை.

மகள் ஸஃப்னாவின் நிக்காஹ்வுக்கு நாள் குறிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்து ஒரு மணி நேரமாகிறது. நாளைப் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாட்டுக்கு ஜனாதிபதி யாரென்றே தெரியாத நேரத்தில் தில்லையடியில் யாராவது கல்யாணம் பேசுவார்களா என்று கேட்காதீர்கள். இன்றைக்கு வருவதென்று முன்பே பேசிவைத்தாகிவிட்டது. தேர்தல் முடிவுதான் இழுத்துக்கொண்டு போனது.

யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு இல்லை. முன்னுக்கு நின்ற இருவரை மட்டும் வைத்துக்கொண்டு, சீட்டில் இரண்டு என்று இலக்கமிட்ட இரண்டாவது விருப்பு வாக்கை எண்ணுகிறார்களாம். அந்த இருவரில் ஒருவர் ஜபாரின் ஆள். மற்றவர் மாப்பிள்ளை ரிப்கானின் வாப்பா நெய்னார் மாஸ்டரின் ஆள்.

அல்லாஹ் சிலரை இப்படியும் சோதிப்பான்.

"சட்டத்துல இரிக்கி ஹாஜியார்," என்றார் மாஸ்டர். படிப்பித்த காலத்தில் வாக்கெண்ணும் கடமைக்கும் போனவர். "அது எப்படியெண்டா..."

"எனக்கு விளக்கம் வேணாம் மாஸ்டர்! ஒரு ஆம்புளைக்கு ஒரு பேச்சு, ஒரு வோட்டு. நான் ஒரு புள்ளடி போட்டேன், வந்துட்டேன். ஒண்டு, ரெண்டு எண்டு நம்பர் போடுற பழக்கம் எங்கிட்ட இல்ல."

"நான் ஒண்டும் போட்டேன், ரெண்டும் போட்டேன். அதுல என்ன குத்தம்?"

ஜபாரின் மனைவி ஸக்கியா பால் ஊற்றாத இஞ்சிப் பிளேன்டியோடு வந்தாள். மூன்றாவது தடவை. கணவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

டீவியில் இன்னொரு மாவட்டத்தின் இரண்டாவது விருப்பு வந்தது. மாஸ்டரின் ஆள் இன்னும் கொஞ்சம் முன்னுக்குப் போனார்.

ஜபார் எழும்பினார். வாசல்வரை நடந்தார். திரும்பி வந்து டீவியை அணைத்தார். மறுபடி போட்டார். பாலாவியில் லொறி லொறியாக உப்பு ஏற்றி அனுப்பும் மனிதர், நகம் கடித்துக்கொண்டு நின்றார்.

"ஒருக்கா எண்ணின சீட்டத் திருப்பி எண்ணுறது கள்ள வேல!"

"கொஞ்சம் கேளுங்களேன் ஹாஜியார், ரெண்டாவது விருப்பு எண்டா..."

"ரெண்டு ஊர் இரிக்கிறவங்களுக்கு ரெண்டு விருப்பு இரிக்கும்தான்!"

சொல் வாயைவிட்டுப் போய்விட்டது.

நெய்னார் மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். நேற்று விடியவே பஸ் ஏறி மன்னாருக்குப் போய் வாக்குப் போட்டுத் திரும்பியவர். விரலில் மை காய்ந்திருந்தது.

"தொண்ணூறுல மன்னார விட்டு வெரட்டின நேரம் உடுத்த சாரத்தோட வந்தவன் நான். ரெண்டு ஊர் வேணுமெண்டு நான் கேட்டு எடுக்கல்ல. றம்ஸியா, எழும்பு."

அவர் மனைவி றம்ஸியா கையைப் பிசைந்தாள். மாஸ்டர் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். திரைச்சீலைக்குப் பின்னால் ஸஃப்னா அழும் சத்தம் கேட்டது. மனிதர் வாசலைத் தாண்டினால் கல்யாணமும் தாண்டிவிடும்.

அதுவரை பொறுத்த ஸக்கியாவால் அதற்குமேல் முடியவில்லை.

"உங்களுக்குப் பைத்தியமா? யாரு வந்தாலும் நீங்க உப்புத்தான் விக்கப் போறீங்க! அவங்க ரெண்டாவத எண்ணினா உங்களுக்கு என்ன?"

"எனக்கு என்னவா?" ஜபாரின் குரல் உடைந்தது. "எண்ட ஆளத் தோக்கடிச்சதே நான்தானடி!"

மாஸ்டர் திரும்பினார்.

"புள்ளடி எண்டது பொய். எண்ட ஆளுக்கு ஒண்டு போட்டேன். மடிக்கப் போக, ரிப்கான்ட ஞாபகம் வந்துச்சு. நாளைக்கு எண்ட ஊட்டுக்கு மகனா வாற புள்ள. அவன்ட வாப்பாட ஆளுக்கு ஒண்டுமே குடுக்காமப் பொட்டியில போட மனசு வரல்ல. ரெண்டையாவது குடுப்பம் எண்டு போட்டேன்." கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். "ரெண்டாவத எண்ணுவாங்க எண்டு யாரு கண்டா? இதுவரைக்கும் ஒரு தேர்தல்லயும் எண்ணினதில்லயே! இப்ப எண்ட கையாலயே எண்ட ஆளு தோக்கப் போறாரு. அந்த ஆத்திரத்துல உங்களையும் சொல்லக்கூடாத சொல்லுச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க மாஸ்டர்."

டீவி இன்னொரு மாவட்டத்தின் கணக்கை வாசித்துக்கொண்டிருந்தது.

"ஹாஜியார்," என்றார் மாஸ்டர். "இதத்தானே வந்த நேரத்துல இருந்து சொல்ல வாறேன். முதல் சுத்துல வெளிய போனவங்களுக்கு ஒண்டு போட்ட சீட்டுலதான் ரெண்டாவதப் பாப்பாங்க. உங்கட ஒண்டு இன்னும் போட்டியில நிக்கிற ஆளு. உங்கட சீட்டத் திருப்பித் தொடவே மாட்டாங்க."

ஜபார் நிமிர்ந்தார். "அப்ப எண்ட ஆளுக்கு என்னால ஒரு நட்டமும் இல்லயா?"

"இல்ல."

நிம்மதியாக மூச்சு விட்டவரின் முகம், மறு கணமே வாடியது. "அப்ப நான் உங்கட ஆளுக்குக் குடுத்தது?"

"அது கணக்குல வராது. ஒருத்தரும் எண்ண மாட்டாங்க."

சொல்லிக்கொண்டே மாஸ்டர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"நான் எண்ணிட்டேன். றம்ஸியா, நாளச் சொல்லு."