இருநூறு மீன்தோல்

"என் பொண்ணு தோலை எடுத்து மண்ல பொதைக்க அந்தப் பொம்பளை யாருன்றேன்?"

ஜோசுவா போனில் போட்ட சத்தத்துக்கு பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார். போலீசுக்குச் சொல்லலாமா என்று கண்டக்டர் யோசித்தார்.

"மீன் தோல்னு சொல்லுப்பா!" என்று மகள் போனுக்குள் கெஞ்சியது யார் காதிலும் விழவில்லை.

ஜோசுவா ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில், பச்சைத்தோலை உப்புப் போட்டு வைக்கும் குடோனில் இருபத்தாறு வருஷமாக மேஸ்திரி. மகள் பிரிசில்லா தோல் தொழில்நுட்பம் படிக்கிறாள். கோடை லீவில் இன்டர்ன்ஷிப்புக்கு வெள்ளாங்குப்பம் என்ற கடலோர ஊருக்குப் போயிருந்தாள். மீன் வெட்டும் பெண்கள் தூக்கி எறிகிற கொடுவா மீன் தோலைச் சேர்த்து, உப்புப் போட்டுக் கெடாமல் வைத்து, ராணிப்பேட்டைக்குக் கொண்டுவந்து பதனிட்டு பர்ஸ் தைத்துக் காட்ட வேண்டும். இருநூறு தோல். காட்டினால் மார்க். இல்லாவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

ஆறு வாரம் பாடுபட்டு ஒரு பீப்பாயில் சேர்த்தாள். நேற்றுக் காலையில் பார்த்தால் பீப்பாய் காலி. அவள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா அமிர்தவள்ளி, அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்துவிட்டாள். மிச்சமிருந்த உப்பையும் விடவில்லை.

ஜோசுவாவின் கோபம் வாலாஜா தாண்டுவதற்குள் ஏறிய ஏற்றத்தில், இன்ஜின்தான் சூடாகிவிட்டதோ என்று டிரைவர் வண்டியை ஓரங்கட்டி ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். அப்படியும் சூடு இறங்கவில்லை.

மத்தியானம் குப்பத்தில் இறங்கினார். மணலில் உட்கார்ந்து அமிர்தவள்ளி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள். அழுது வீங்கிய முகத்தோடு பிரிசில்லா.

"நீதானாம்மா அமிர்தவள்ளி?"

"ஆமாண்ணா. உக்காருங்க."

"உக்கார வரல. இன்னாத்துக்கு என் பொண்ணு தோலைப் பொதைச்ச?"

"நாத்தம் தாங்கலண்ணா."

"இன்னாது? கருவாடு காயவெக்கிற ஊர்ல நாத்தமா? மூக்கை எங்கனா அடகு வெச்சிருந்து இப்பதான் மீட்டாந்தியா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி எழுந்தே வந்தாள்.

"நல்லாக் கேளுண்ணா! எங்க கருவாட்டையும் இவதான் பாழாக்கினா. பன்னெண்டு கூடை! மூட மறந்துட்டாளாம், நாய் வாய் வெச்சிடுச்சாம். அதையும் குழியில தள்ளிட்டா. எங்க பன்னெண்டு பேரு உழைப்பு!"

"பாத்தியா? ஊரே சொல்லுது! படிக்கிற பொண்ணு வயித்தெரிச்சலைக் கொட்டிக்கினியே, நீ நல்லாருப்பியா? காலேஜ்ல எழுதிக் குடுக்கறேன். கலெக்டர் வரைக்கும் போறேன்!"

அமிர்தவள்ளி தலை நிமிரவில்லை. மீனைத் திருப்பிப் போட்டுச் செதில் சீவினாள்.

"தப்புதாண்ணா."

"தப்புன்னு சொன்னா முடிஞ்சிதா? அக்கா அக்கான்னு உங்க வீட்லயே ஒண்ணு மண்ணா கெடந்தேனே!" என்று பிரிசில்லா மறுபடி அழ ஆரம்பித்தாள்.

"அழுவாத கண்ணு. போ, அப்பாவுக்கு டீ வாங்கியா. அலைஞ்சு வந்திருக்காரு."

மகள் டீக்கடைப் பக்கம் போனாள். சண்டை இனி சுவாரசியப்படாது என்று பெண்களும் கூடையைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். அமிர்தவள்ளி கையைக் கழுவினாள். இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து நீட்டினாள்.

கொஞ்சம் உப்பு. அதில் கறுப்பும் பழுப்புமாக, குட்டை குட்டையாக முடி.

"மீனுக்கு ஏதுண்ணா முடி?"

ஜோசுவா ஒரு முடியை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"மூணு நாள் முன்ன எங்களுக்கு உப்பு தீந்துபோச்சு. உப்பு வண்டி வரல. பொழுது சாயறதுக்குள்ள மீனு கெட்டுடும்னு நாங்க தவிச்சம். உங்க பொண்ணுதான், எங்கிட்ட இருக்கேக்கான்னு அள்ளிக் குடுத்துச்சு. மறுநாள் கருவாட்டைத் திருப்பிப் போடறேன், இது கெடக்குது. பீப்பாயைப் பாத்தா தோல் மேலயும் இதே. உங்க பொண்ணுக்குக் கண்ல படல பாருங்க. உங்க ஊர்ல பொறந்ததுலேந்து பாக்கறது, உப்புன்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சிக்கிச்சு."

ஜோசுவாவுக்குத் தெரியும். மாட்டுத்தோலை உதறும்போது கொட்டுகிற உப்பை முடியோடு கூட்டி அள்ளி அடுத்த தோலுக்குப் போடுவது குடோன் வழக்கம். அதைத் தப்பென்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. தோலுக்குத்தானே?

"தின்ற பொருளாச்சே. இவளுங்களுக்குத் தெரிஞ்சா, பொண்ணை அன்னிக்கே பஸ் ஏத்தியிருப்பாளுங்க. அதான் யார் கண்லயும் படறதுக்குள்ள எல்லாத்தையும் பொதைச்சிட்டு, பழி என் தலையிலயே இருக்கட்டும்னு விட்டேன். புது உப்பு வாங்கி, பக்கத்து குப்பத்துலயும் கேட்டு நாப்பது தோல் போட்டு வெச்சிருக்கேன். மிச்சத்தை மாசக் கடைசிக்குள்ள சேத்துடலாம்."

தூரத்தில் பிரிசில்லா டீயோடு வந்துகொண்டிருந்தாள். அமிர்தவள்ளி பொட்டலத்தை அலையில் உதறிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அதுங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணா. 'எங்கப்பா எனக்குன்னு அவரு கையாலயே மூட்டை கட்டி அனுப்புன உப்புக்கா, சுத்தமா இருக்கும்'னு அவ்ளோ பெருமையா சொல்லி, அள்ளிக் குடுத்துச்சு."