நுனி உடைந்த கத்தி

பழைய சாமான் சந்தையில் டெய்லரக்கா மடக்குக் கத்திகளைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். ஜன்னலுக்கு அடிக்க வாங்கிய பச்சை பெயின்ட் டப்பாவைக் கணவரின் கத்தியால் நெம்பித் திறந்து, நுனியை உடைத்தவள் அவள்தான். அன்றிலிருந்து அவளோடு பேசாமலிருந்தவர், பேசாமலே போய்ச் சேர்ந்தார். கத்தியையும் அவர் சட்டைப்பையில் வைத்தே புதைத்தார்கள். அதேபோல் நல்லதாக ஒன்றை வாங்கிச் சமாதியில் வைத்தால் கோபம் தீருமென்று ஒன்பது வருடமாகத் தேடுகிறாள்.

“என்னக்கா, இத்தனை கத்தியும் மாமாவை மிரட்டவா?” என்று சிரித்தான், அவர் இறந்தது தெரியாத கடைக்காரன். “இதைப் பாருங்க. காலைல ஒருத்தர் வச்சுட்டுப் போனார். காசு எவ்வளவுன்னு கேட்டேன், வாயே திறக்கல.”

அவள் கத்தியை விரித்தாள். நுனி இல்லை. உடைந்த இடத்திலிருந்த பச்சை பெயின்ட் இன்னும் காயாமல் விரலில் ஒட்டியது.