வாய்ப்பூட்டு

“வாயில்லாச் சீவனுக்கு வாய்ப்பூட்டோ? நீங்களெல்லாம் மனுசரோ, தங்கச்சி?”

சாம்பல்தீவுக் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கீர்த்தனிக்கு முகம் சுட்டது. அவள் பிடித்திருந்த சங்கிலியின் மறுமுனையில் அவளுடைய நாய் கறுவல் நின்றான். அவனுடைய மூக்கையும் வாயையும் மறைத்து ஒரு கன்வஸ் பூட்டு. உள்ளே வாயைத் திறந்து மூச்சுவிட இடம் விட்டு அவளே தைத்தது.

கேட்டவர் குணரத்தினம். அன்புவழிபுரத்தில் தெருநாய்களுக்கென்று சங்கம் நடத்துகிறவர். மேடையிலும் முகநூலிலும் நாய்களுக்காக உருகி உருகிப் பேசுகிறவர். பக்கத்தில் அவருடைய மனைவி தவமலர், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“லைவ் போகுது. கை நடுங்காமல் பிடி,” என்றார் மனைவியிடம்.

“கொடுமைக்குப் போடேல்ல ஐயா,” என்றாள் கீர்த்தனி. “இவன் நடக்கேக்க கண்டதையெல்லாம் வாயில போடுவான். தோட்டங்களில மருந்து அடிக்கினம். வரம்பில காட்டுப் பண்டிக்கு, எலிக்கு எண்டு நஞ்சு வைக்கினம். நான் காணமுன்னம் விழுங்கிப்போட்டா என்ன செய்யிறது?”

“எல்லாம் சாட்டு! அந்தச் சீவனைப் பாருங்கோ, எப்பிடி நடுங்குது! அடிச்சு வளர்க்கிறா.”

உண்மைதான். கறுவல் நடுங்கினான். வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு கீர்த்தனியின் பின்னால் ஒளிந்தான். இப்படி அவனை அவள் ஒருநாளும் கண்டதில்லை.

“கழட்டிவிடு பிள்ளை, பாவமெல்லோ,” என்றார் வலைக்காரர் ஒருவர்.

“ஓம், கழட்டு!” இன்னும் நாலைந்து குரல்கள்.

“ஏலாது,” என்றாள் கீர்த்தனி.

குணரத்தினம் காத்திருக்கவில்லை. குனிந்து, தானே வாரை இழுத்துக் கழற்றினார். “போடா ராசா! உனக்கு விடுதலை!”

கைதட்டல் எழுந்தது.

கறுவல் மிரண்டு பாய்ந்தான். சங்கிலி கீர்த்தனியின் கையை விட்டு நழுவியது. வலையிலிருந்து கழித்துப்போட்ட மீன் குவியலுக்குள் முகத்தைப் புதைத்தவன், எதையோ கவ்விக்கொண்டு நிமிர்ந்தான்.

“அல்லா! பேத்தை!” என்று கத்தினான் மீன் வாங்க வந்திருந்த மூதூர் நஸ்ரி. “நஞ்சு மீன்! திண்டா நாய் தப்பாது!”

கைதட்டியவர்கள் விறைத்துப்போனார்கள். குணரத்தினம் இரண்டடி பின்னால் போனார்.

கீர்த்தனி ஓடவில்லை. துரத்தினால் அவன் அவசரத்தில் விழுங்கிவிடுவான். நின்ற இடத்திலேயே மண்ணில் முழங்காலை ஊன்றினாள்.

“கறுவல்!” என்றாள் உறுதியாக. “விடு.”

அவன் அவளைப் பார்த்தான். மீன் வாயில் தொங்கியது.

“விடு!”

தொப்பென்று மீன் மண்ணில் விழுந்தது. கறுவல் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து அவளுடைய மடியில் ஏறினான்.

கரை முழுக்க ஆரவாரம். வலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். “கெட்டிக்காரி!” என்றார் முதலில் ‘பாவம்’ என்ற அதே வலைக்காரர். கீர்த்தனி கறுவலின் வாயைத் திறந்து, நாக்கையும் பல்லிடுக்கையும் நன்றாகப் பார்த்தாள். ஒரு துண்டுகூட இல்லை. அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வீட்டு முற்றத்தில் மாதக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் பழக்கிய ஒரே ஒரு சொல்!

“எங்க எடுத்த நாய் தங்கச்சி இது?” என்று கேட்டான் நஸ்ரி.

“வயல் வரம்பில உரப்பையொண்டு கட்டிக் கிடந்தது. அசைஞ்சுது. அவிழ்த்துப் பாத்தா இவன், நஞ்சு திண்டு வாயில நுரை தள்ளிக்கொண்டு... உசிர் மட்டும் இருந்தது. செத்ததைப்போல ஆரோ கட்டி எறிஞ்சிட்டாங்கள். மருந்தெடுத்து எழுப்பிப்போட்டன். அதுக்குப் பிறகுதான் இந்தப் பூட்டு.”

“சரி, சரி. லைவை நிப்பாட்டு, போவம்,” என்றார் குணரத்தினம் அவசரமாக.

தவமலர் நிற்பாட்டவில்லை. பூட்டில்லாத அந்த முகத்தையே பார்த்தபடி கிட்ட வந்தாள். மூக்கின் மேல் பிறை போல ஒரு வெள்ளைத் தழும்பு.

“ரொமி?”

கறுவலின் காதுகள் நிமிர்ந்தன. ஒரே பாய்ச்சலில் போய் அவளுடைய முகத்தை நக்கினான்.

தவமலர் ஒரு கையால் அவனை அணைத்துக்கொண்டு, மற்றக் கையிலிருந்த போனைப் புருசனின் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

“இஞ்சாருங்கோ, எல்லாரும் கேக்கச் சொல்லுங்கோ. எங்கட ரொமி செத்துப்போச்சு, குழி வெட்டித் தாட்டுப்போட்டன் எண்டு சொன்னீங்கள். உசிரோடயோ அதைச் சாக்கில கட்டினீங்கள்?”