நங்கூரம் போடாத இடம்

2025 பிப்ரவரி 11. வெளிநாட்டு முதலீட்டாளர்களின் முன்னால் படகோட்டி கஸ்பாரைக் கோழை என்று ஏசியது அநியாயம்.

நிக்கோபாரின் கட்சால் தீவுக் கரையோரத்தில் அதன் வளங்களை அவர்களுக்கு அடுக்கிவந்த அதிகாரி முத்துகிருஷ்ணன், "இங்கேயே நங்கூரத்தைப் போடு" என்றார்.

"இங்க நஹி சாப். கொஞ்சம் தள்ளிப் போடுறேன்."

"கடல்லயே கெடக்குற ஆளு, இம்புட்டுத் தண்ணிக்குப் பயமா? கோழைப்பய!"

வந்தவர்கள் சிரித்தார்கள். முத்துகிருஷ்ணன் ஆங்கிலத்துக்கு மாறினார்: "துறைமுகம் கட்டலாம். காலி செய்யச் சொல்ல ஒரு குடும்பம்கூட இல்லை."

"ஒண்ணு இருக்கு சாப்," என்றார் கஸ்பார். "சுனாமியில தரையே தாழ்ந்துபோச்சு. கீழ தெரியுறது எங்க வீட்டு அடுப்படி. லூசியும் பிள்ளைங்களும் அதுக்குள்ளதான் இருந்தாங்க."

முத்துகிருஷ்ணன் அதை மொழிபெயர்க்கவில்லை. நங்கூரத்தைத் தாமே தூக்கிப் போட்டார்.

அங்கே முதலீடு செய்யவிருக்கும் வாசகரே, யார் வீட்டின்மேல் என்று முதலில் கேளுங்கள்.