சுண்ணாம்புக் கோடு

நடைபாதை எதுவரை வேண்டுமென்று தெருக்காரர்களையே வரைந்து காட்டச் சொல்லியிருந்தது மாநகராட்சி. செல்வராணி முட்டிபோட்டுச் சுண்ணாம்புக் கோடு இழுத்துக்கொண்டே வந்தாள். குறுக்கே இரும்புக்கடைத் தணிகைவேலின் வேன் நின்றது.

“அண்ணே, வண்டிய எடுங்க.”

“எடுக்கிறேன்டி” என்ற தணிகைவேல் ஏறி, அவளைப் பார்த்தபடியே முன்னால் விட்டான். சக்கரம் அவளுடைய இடக்கையில் ஏறி இறங்கியது. அலறல் கேட்டுத் தெருவே ஓடி வந்தது. நேற்றைய கூட்டத்தில் நடைபாதையே வேண்டாமென்று சண்டை போட்ட பர்னபாஸ் வாத்தியார்தான் முதல் கல்லை எறிந்தார். தணிகைவேலை வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். அவன் வாயில் ரத்தம் கொப்பளித்தது.

“செத்துருவான், விடுங்கய்யா!”

கத்திக்கொண்டே செல்வராணி நொறுங்கிய கையோடு தவழ்ந்து போய் அவன்மேல் கவிழ்ந்துகொண்டாள். அவள் முதுகில் முதலில் மிதித்தது வாத்தியார். அதற்குப் பிறகும் யாரும் நிறுத்தவில்லை.