திருடன் முன்னால் போகட்டும்

"எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கே?" என்று ரித்விக் ஒருநாள் விஜியைக் கேட்டான். அவள் தரையைப் பார்த்தாள்.

"திருட வந்தவளுக்குப் படிப்பு எதுக்கு குரு, விடு," என்றான் கேசவ். நண்பனைக் 'குரு' என்பது பெங்களூர் வழக்கம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறு மத்தியானமும் விஜி அவர்களுடன் சேர்ந்து திருடினாள்.

திருட்டெல்லாம் மல்லேஸ்வரத்தில், கேசவ் வீட்டு மாடியில், ஒரு பழைய சாப்பாட்டு மேசை மேல் நடந்தது. ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போன நண்பன் அனுப்பிய ஆட்ட விதிப் புத்தகத்தின் ஜெராக்ஸ் ஒன்று, இருபது முகமுள்ள பகடை ஒன்று. கேசவ் ஒரு குகையை விவரிப்பான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அதற்குள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். பிழைத்தார்களா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்: பெரிய எண் விழுந்தால் பிழைப்பு, ஒன்று விழுந்தால் வம்பு.

ரித்விக்கின் பாத்திரம் வீரன். ஆறடி உயரம், அகன்ற மார்பு, ரித்விக்குக்கே சரியாகச் சொல்ல வராத ஓர் இங்கிலீஷ் பெயர். நிஜத்தில் ரித்விக் கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவன். வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை என்பதை வாரம் இரண்டு முறையாவது சொல்லிவிடுவான்.

விஜியின் அம்மா லட்சுமம்மா கீழே கேசவ் வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். ஒன்பதாவதில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்ன நாளில் விஜிக்குக் குரல் எழும்பவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. ஆள் குறைகிறது என்று கேசவ்தான் அவளை மாடிக்குக் கூப்பிட்டுத் திருடன் பாத்திரத்தைக் கொடுத்தான்.

அங்கேயும் ஒற்றை வார்த்தைதான் பேசினாள். "பாக்கறான்." "தொறக்கறான்." ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் அவளைத் தம்ளர் கழுவச் சொன்னதில்லை. ரித்விக் ஒருமுறை சொல்லப் பார்த்தான். கேசவ் விடவில்லை.

மேசைக்கு ரித்விக் ஒரு விதி போட்டிருந்தான். பாத்திரம் செத்தால், ஆடியவர் எழுந்து போய்விட வேண்டும். அந்த இடம் வேறு ஆளுக்கு. செத்தவர்கள் பேசவும் கூடாது.

போன மாதம், கூட ஆடிக்கொண்டிருந்த நிருபமாவின் பாத்திரமான வைத்தியச்சி அப்படித்தான் செத்தாள். காலில் அம்பு தைத்துக் கிடந்தவளைத் தூக்கினால் வீரனின் வேகம் குறையும் என்று ரித்விக் விட்டுவிட்டுப் போனான். நிருபமா ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான்.

மிச்சம் விஜி. அவளையும் தொலைத்துவிட அவன் ஒரு வழி வைத்திருந்தான். எந்த இருட்டானாலும், எந்தப் பள்ளமானாலும், "திருடன் முன்னாடி போகட்டும்" என்பான். கண்ணி இருந்தால் திருடன் சாவான், வீரன் பார்த்து நடப்பான். எப்படியோ திருடன் ஒவ்வொரு முறையும் தப்பித்துக்கொண்டிருந்தான்.

இன்று குகையின் கடைசி அறை.

"இன்னைக்கு இது முடிஞ்சா, அடுத்த வாரம் எங்க ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பேர் வராங்க," என்றான் ரித்விக், விஜி அங்கே இல்லாததுபோல. "நல்லா இங்கிலீஷ் பேசறவங்க. ஆட்டம்னா அப்பதான் ஆட்டம் மாதிரி இருக்கும். சும்மா ஒரு பொம்மைய உக்கார வெச்சு ஆடிட்டிருக்கோம்."

விஜி தன் நாற்காலியின் விளிம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கேசவ் அறையை விவரித்தான். நடுவில் தூங்கும் பூதம், அதன் காலடியில் பொற்குவியல். பூதத்தை யாரோ அடைத்து வைத்திருந்த அறை அது. ஒரே கதவு, கல் கதவு, தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

"கதவை விடு குரு. பொன் எவ்வளவு?" என்றான் ரித்விக். பதில் வருமுன்பே திருடனை உள்ளே அனுப்பினான்.

பகடையில் பதினெட்டு விழுந்தது. திருடன் சத்தமில்லாமல் குவியல் வரைக்கும் போனான். கண்ணி இல்லை. பூதம் புரண்டுகூடப் படுக்கவில்லை.

ரித்விக்கின் முகம் சுருங்கியது. உடனே விரிந்தது. பொன்னைக் கையால் எடுப்பவருக்குத்தான் புள்ளி.

"போதும், நீ வெளிய போ. வாசல்ல காவல் நில்லு," என்றான் விஜியிடம். "பொன்ன வீரன் எடுப்பான்."

திருடன் வெளியே வந்தான். வீரன் உள்ளே போனான், கவசம், கேடயம், சாக்கு எல்லாவற்றோடும். ரித்விக் பகடையை ஊதி உருட்டினான்.

ஒன்று விழுந்தது.

கேடயம் தரையில் விழுந்தது என்றான் கேசவ். பூதம் கண்ணைத் திறந்தது.

ரித்விக் பதறவில்லை. இதற்கென்றுதானே ஓர் ஆள் இருக்கிறது. திருடன் உள்ளே ஓடி வந்து பூதத்தைத் தன் பக்கம் இழுக்கட்டும், அதற்குள் வீரன் சாக்கோடு வெளியே ஓடிவிடுவான் என்றான். சொல்லிவிட்டு முறுக்கு ஒன்றை எடுத்துக் கடித்தான்.

"அது அவ ஆள். அவதான் சொல்லணும்," என்றான் கேசவ். "விஜி, திருடன் என்ன பண்றான்?"

விஜி நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள். முதல் முறையாக நிமிர்ந்து ரித்விக்கின் முகத்தைப் பார்த்தாள்.

"கதவச் சாத்தி வெளிய தாப்பா போட்டுட்டான்."

கேசவ் பூதத்துக்காகப் பகடையை இரண்டு முறை உருட்டினான். மூன்றாவதற்கு வீரன் மிச்சமில்லை.

ரித்விக் துள்ளி எழுந்து வாயைத் திறந்தான். கடித்த முறுக்கு வாயிலேயே இருந்தது. மெல்ல மூடிக்கொண்டான். பையை எடுத்துத் தோளில் மாட்டி, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனான்.