மூன்றாவது படி

"பின் கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும்னு உங்க சூப்பர்வைசர் சொல்றார். நீங்க சொல்லுங்கம்மா, இருக்குமா?"

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். காலர்க்காரி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். பத்து வருடமாகச் சட்டைக்குக் காலர் மட்டுமே தைக்கிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். இதுவரை எந்த அதிகாரியும் அவளிடம் எதையும் கேட்டதில்லை.

அரசு ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்குச் சீருடை தைக்கும் பெரிய ஆர்டர் அது. தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிற கம்பெனியிடம்தான் வாங்குவோம் என்று அரசாங்கம் கறாராகச் சொல்லிவிட்டது. ஆள் அனுப்பி, ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். அதனால் ஒரு வாரமாகச் சூப்பர்வைசர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எட்டு மணி நேரம்தான் வேலை, கதவுக்குப் பூட்டே கிடையாது. பள்ளிக்கூடத்தில்கூட அவள் இப்படி மனப்பாடம் செய்ததில்லை.

அவளுக்கு முன்னால் உள்ளே போய் வந்தவள் அவளுடைய அண்ணி. கதவு திறந்தே இருக்கும் என்று சொல்லிவிட்டதாக, முகத்தைப் பார்க்காமல் முணுமுணுத்துவிட்டு மெஷினில் குனிந்துகொண்டாள். காலர்க்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு யார் சொன்னாலும் பரவாயில்லை, அண்ணி சொல்லலாமா?

போன மாதம் இஸ்திரி மேஜையில் துணி தீப்பிடித்துப் புகை சூழ்ந்தபோது எல்லாரும் பின் கதவுக்குத்தான் ஓடினார்கள். துணி திருடு போகக் கூடாதென்று முதலாளி போட்ட பூட்டு அங்கே தொங்கியது. முட்டிமோதித் திரும்பிய கூட்டத்தில் கீழே விழுந்தவள் அண்ணி. வயிற்றில் ஐந்து மாதமாக இருந்த பிள்ளை போய்விட்டது. அந்தப் பூட்டை இன்று காலையில்தான் கழற்றினார்கள். இந்த அதிகாரி கிளம்பியதும் மறுபடி தொங்கும்.

"பயப்படாதீங்க, உங்க பேரை எழுத மாட்டேன். கூடப் பிறந்தவளா நினைச்சுக் கேக்கிறேன்" என்றார் அதிகாரி.

நல்ல மனிதராகத் தெரிந்தார். கெட்டிக்காரரும்கூட. மாடிக்கு வரும் படிகளில் மூன்றாவது படி உடைந்திருந்தது. புதிதாக வருகிறவர்கள் அதில் தடுக்காமல் ஏறியதே இல்லை. இவர் போனில் பேசிக்கொண்டே அதை லேசாகத் தாண்டி வந்ததைக் காலையில் அவள் பார்த்தாள். என்ன கண் இவருக்கு என்று அப்போதே நினைத்துக்கொண்டாள்.

வேலை போனாலும் போகட்டும். இன்னொருத்தியின் பிள்ளை போகக் கூடாது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பூட்டை, புகையை, பன்னிரண்டு மணி நேர வேலையை, அண்ணி இரவெல்லாம் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பதை. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அதிகாரி பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.

"தைரியமா சொன்னீங்க. இனிமே நான் பாத்துக்கிறேன்" என்றார்.

ஒரு மாதமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது இறங்கியதுபோல இருந்தது. அண்ணியின் மேல் இருந்த கோபம்கூடப் போய்விட்டது. பாவம், வேலை போய்விடுமோ என்று பயந்திருப்பாள். பக்கத்தில் போய், இனிமேல் அந்தக் கதவில் பூட்டு இருக்காது என்று காதோடு சொன்னாள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். அறைக்குள் அதிகாரி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முதலாளி கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"இவர் என் மச்சான், நீங்க யாரும் இல்லாத லீவு நாள்ல மட்டும்தான் இங்க வருவார், நிஜ அதிகாரி நாளைக்குத்தான் வர்றார்" என்றார் முதலாளி. "உன் அண்ணி ஒரு வார்த்தை பிசகாம சொல்லிட்டா, அவளைத்தான் நாளைக்கு முதல்ல அவர்கிட்ட அனுப்பப் போறேன். நீ நாளையிலேருந்து வர வேண்டாம்."